டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ்

ஆண்மக்கள் வெட்கத்தினால் வெளியிற் சொல்லாமல் மூடி வைக்கும் வியாதிகள் சில உண்டு. அவற்றுள் மிகக் கொடியவைகளில் ஒன்று, மூத்திரப் பையின் அடியில் நெல்லிக்காய் போல் அமைந்திருக்கும் புராஸ்டேட் என்னும் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய். ஐம்பது வயதைக் கடந்தவர்களையே அது பெரும்பாலும் பற்றுகிறது. ஆரம்பத்தில் வலியும் இல்லை, குறியும் இல்லை. உள்ளுக்குள்ளேயே வளர்ந்து, இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் புகுந்த பிறகே அநேகரிடத்தில் அது தன்னை வெளிப்படுத்திக் கொள்கிறது. 1941-ம் வருஷத்துக்கு முன்பு, எலும்பில் புகுந்துவிட்ட இந்நோய்க்கு வைத்தியர்கள் செய்யக்கூடியதெல்லாம் பெரும்பாலும் அபினியின் சத்தாகிய மார்பியாவைக் கொடுத்து நோயாளியின் வேதனையைக் குறைப்பதோடு நின்றது. அந்த நிலைமையை மாற்றியவர் டாக்டர் சார்லஸ் பிரெண்டன் ஹக்கின்ஸ். அவர் காலஞ்சென்று கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவருடைய சரித்திரத்தை இன்று நம் வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

அரசியல் விவாதங்களுக்கு இடமளிக்கும் இப்பக்கத்தில் ஒரு ரணசிகிச்சை வைத்தியரின் வாழ்க்கையை விஸ்தரிப்பானேன் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது விடை இது. எந்தத் துறையிலும் ஓர் அபிப்பிராயம் பல காலம் வழங்கி வந்து, சட்டத்தைப் போல் உறுதிப்பட்டுவிட்டால், அதை எதிர்ப்பவன் குரலை உயர்த்துவதனால் மட்டும் பயனில்லை. ருசுவைக் கொண்டுவந்து எதிரில் வைக்க வேண்டும். ருசு தனக்கே விரோதமாகத் திரும்பும்போது அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஆயினும் பொதுவாழ்க்கையில் ஈடுபட்டவர்கள் அடிக்கடி மறந்துவிடும் பாடம் இதுவே. அந்தப் பாடத்தை ஹக்கின்ஸைக் காட்டிலும் தெளிவாகக் கற்பிக்கக் கூடியவர் அதிகம் பேர் இல்லை.

ஹக்கின்ஸ் 1901-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி கனடா தேசத்தின் கீழ்க்கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஹாலிபாக்ஸ் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். தகப்பனார் மருந்துக்கடைத் தொழிலில் இருந்தவர். மகன் அந்த மாகாணத்திலேயே உள்ள அக்கேடியா சர்வகலாசாலையில் படித்து 1920-ல் பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிரம்பவில்லை. அந்த ஆண்டில் அவரோடு பட்டம் பெற்றவர்கள் சுமார் இருபத்தைந்து பேரே என்றால், அந்தக் கலாசாலை எவ்வளவு சிறியது என்பது சொல்லாமலே விளங்கும். அங்கிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று, ஹார்வர்ட் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, 1924-ல் வைத்தியப் பட்டத்தைப் பெற்றார். பிறகு மிச்சிகன் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் ரணசிகிச்சை பயின்றார். அங்கே தாதியாக இருந்த மார்கரெட் வெல்மன் என்ற மாதை 1927-ல் மணந்தார். 1983-ல் அவ்வம்மையார் இறக்கும்வரை அந்த இல்லறம் நீடித்தது.

மணம் நடந்த அதே வருஷத்தில் சிக்காகோ சர்வகலாசாலை ஒரு புதிய வைத்தியப் பள்ளியை ஆரம்பித்தது. அதன் முதல் ஆசிரியர்கள் எண்மரில் ஹக்கின்ஸ் ஒருவர். அந்த ஸ்தாபனத்தின் ஏற்பாடு விசேஷமானது. வைத்தியர்கள் தனியே தொழில் நடத்திப் பணம் திரட்டும் வழக்கம் அங்கே இல்லை. சர்வகலாசாலை கொடுக்கும் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு, நோயாளிகளைக் கவனிப்பதிலும், மாணவர்களுக்குப் போதிப்பதிலும், ஆராய்ச்சி செய்வதிலுமே முழு நேரத்தையும் செலவிட வேண்டும். இத்தகைய ஏற்பாடு இல்லாதிருந்தால், நாம் கீழே சொல்லப்போகும் வேலை நடந்தேறியிருக்குமா என்பது சந்தேகமே. பணம் தரும் தொழிலை ஒரு கையிலும், பணம் தராத ஆராய்ச்சியை மறு கையிலும் வைத்துக்கொண்டு, நாய்களின் சுரப்பு நீரை நாள்தோறும் அளந்துகொண்டிருக்க எந்த வைத்தியரால் முடியும்?

புதிய பள்ளியில் மூத்திர சம்பந்தமான வியாதிகளுக்கு ஒரு பகுதி வேண்டியிருந்தது. அதை ஏற்று நடத்தும்படி ஹக்கின்ஸிடம் சொன்னார்கள். அந்தப் பிரிவில் அவருக்கு முன் அனுபவம் இல்லை. அதை அவர் நாடிச் சென்றவருமல்லர். கேட்காமல் வந்த வேலையை அவர் சலிப்போடு தள்ளவில்லை. புஸ்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு அந்தச் சாஸ்திரத்தைத் தாமே கற்றார். உத்தியோகத்தில் தமக்குப் பிடித்த இலாகா கிடைக்கவில்லை என்று வாழ்நாள் முழுவதும் குறை கூறிக் கொண்டிருக்கும் படித்த வாலிபர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பார்களாக.

1931-ல் அவர் ஐரோப்பாவுக்குச் சென்றார். லண்டனில் லிஸ்டர் ஸ்தாபனத்தில் ராபர்ட் ராபிசன் என்ற ரசாயன சாஸ்திரியிடம் வேலை பழகினார். எலும்பு உண்டாகும் விதத்தை ஆராய்ந்துவந்த ராபிசன், பாஸ்படேஸ் என்ற நொதிப்பொருள் அதில் வகிக்கும் பங்கை எடுத்துக் காட்டியவர். ரணசிகிச்சைக் கத்தியைப் பிடித்துப் பழகிய கை ரசாயனக் குழாயையும் பிடிக்கக் கற்றது. சரீரத்தில் நடப்பதைக் கண்ணால் பார்த்து வர்ணிப்பதோடு நின்றுவிடாமல், அதை அளந்து, எண்ணிக்கையில் எழுதிக் காட்ட வேண்டும் என்ற கொள்கை அவரிடம் வேரூன்றியது. பத்து வருஷங்களுக்குப் பிறகு பாஸ்படேஸ் என்ற அதே வகைப் பொருள்தான் அவருடைய வழக்கில் முக்கிய சாட்சியாக வந்து நின்றது.

சிக்காகோவுக்குத் திரும்பிய ஹக்கின்ஸ், புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊறும் நீரை ஆராயத் தொடங்கினார். மனிதனிடத்தில் அந்த நீரைத் தனியாகச் சேகரிப்பது கஷ்டம். ஆகவே அவர் நாய்களைக் கொண்டு வேலை செய்தார். 1939-ல் அவர் ஒரு நுட்பமான ரணசிகிச்சை முறையை வகுத்தார். மூத்திரப் பைக்கும் புராஸ்டேட்டுக்கும் உள்ள தொடர்பைப் பிரித்து, அந்தச் சுரப்பியின் நீர் மட்டும் மூத்திரக் கலப்பில்லாமல் வெளியே வந்து சேரும்படி செய்தார். அந்த நாய் சௌக்கியமாகவே இருக்கும். மாதக்கணக்காக, ஏன், வருஷக்கணக்காகக்கூட அதன் சுரப்பு நீரை அளந்து பார்க்கலாம். இந்த முறையினால் அவருக்குத் தெரியவந்தது என்ன? நாயின் விதைகளை நீக்கிவிட்டால் சுரப்பு நின்றுவிடுகிறது. சுரப்பியும் சுருங்கிப் போகிறது. விதைகளில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை ஊசி மூலம் செலுத்தினால் சுரப்பு மறுபடி பெருகுகிறது. பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைக் கொடுத்தால் அது மறுபடி தணிகிறது. விளக்கில் திரியை ஏற்றவும் இறக்கவும் முடிவதுபோல் அந்தச் சுரப்பியை ஆட்டி வைக்க முடிந்தது.

இதன் மூலக்கூறு முற்றிலும் புதிதன்று. காயடித்த காளையின் உடலும் குணமும் மாறிவிடுவதை நம் உழவர்கள் எக்காலத்திலும் அறிவார்கள். லண்டன் ரணசிகிச்சை நிபுணரான ஜான் ஹண்டர், காயடித்த பிராணிகளில் இச்சுரப்பி சிறுத்திருப்பதை 18-ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். 1890-க்குப் பிற்பட்ட சில வருஷங்களில் பிலடெல்பியா நகரத்து வில்லியம் ஒயிட் என்பவர், புற்றுநோயின்றி வெறுமே வீங்கிய புராஸ்டேட்டுக்காக முதியவர்களின் விதைகளை நீக்கும் சிகிச்சையையும் செய்து பார்த்தார். பலன் நிச்சயமில்லாமற் போகவே அந்த வழக்கம் கைவிடப்பட்டது. ஆனால் அறிந்த விஷயம் ஒன்று. அதை அளந்து நிரூபித்தல் வேறொன்று.

நாய் இந்தக் கதையில் தற்செயலாக வந்த பிராணியன்று. மனிதனைப்போல் வயதான காலத்தில் புராஸ்டேட் பருத்துக் கட்டியாகும் பிராணிகள் மிக அருமை. நாய் அவற்றில் ஒன்று. ஹக்கின்ஸ் ஆராய்ந்துவந்த நாய்களில் சிலவற்றுக்கு அத்தகைய கட்டிகள் இருந்தன. சுரப்பு நீரின் ரசாயனத்தைக் கவனித்துக் கொண்டிருந்தவருக்கு முதலில் அவை இடையூறாகவே தோன்றின. கணக்கைக் குழப்பும் அந்த நாய்களை ஒதுக்கி வைத்திருக்கலாம்; வேறொருவர் அப்படித்தான் செய்திருப்பார். ஹக்கின்ஸோ அவற்றின் விதைகளை நீக்கிப் பார்த்தார். கட்டிகள் சுருங்கின! அதன் பிறகு அவர் அத்தகைய நாய்களைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தார். இடையூறு என்று வந்ததே ஆராய்ச்சியின் மையமாகிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. நாயின் கட்டி சுருங்கினால், மனிதனின் புற்றுநோயும் சுருங்குமா? அக்காலத்தில் வைத்திய உலகத்தில் நிலவி வந்த அபிப்பிராயம் இதற்கு முற்றும் விரோதமானது. புற்றுநோய்க் கண்ணறைகள் சரீரத்தின் ஆக்ஞைக்கு அடங்காதவை. தாய்த் திசுவிடமிருந்து பிரிந்து, தனியரசு நடத்துபவை. வெட்டி எறிய வேண்டும், அல்லது கதிர்களால் சுட்டுப் பொசுக்க வேண்டும். வேறு உபாயமில்லை என்று நம்பினார்கள். அந்தக் கலகக்காரக் கண்ணறைகள் இன்னும் பழைய எஜமானிடமிருந்தே ஆகாரம் பெற்று வருகின்றன, அந்த ஆகாரத்தை நிறுத்தினால் அவை வாடிப்போகும் என்று சொல்வது அப்பொழுது அசாத்தியமாகத் தோன்றியது. சொன்னவருக்கோ நாற்பது வயதுகூட நிரம்பவில்லை.

மனிதனிடத்தில் இதைச் சோதிப்பதில் ஒரு கஷ்டம் இருந்தது. எலும்புக்குள் பரவிவிட்ட புற்று வளர்கிறதா, தணிகிறதா என்பதை எவ்விதம் அறிவது? வலி குறைந்திருக்கிறது என்று நோயாளி சொல்லலாம். புதிய வைத்தியர் வந்தார், புதிய சிகிச்சை நடந்தது என்ற நம்பிக்கையினாலேயே அப்படித் தோன்றவும் கூடும். பாரபட்சமில்லாத சாட்சி ஒன்று வேண்டும். அது ஏற்கனவே தயாராக இருந்தது. புராஸ்டேட் திசுவில் அமில பாஸ்படேஸ் என்ற நொதிப்பொருள் மிக அதிகமாக இருப்பதை ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் 1935-ல் கண்டிருந்தனர். புற்று எலும்பில் பரவிய நோயாளிகளின் இரத்தத்தில் அப்பொருள் மிகுதியாவதை நியூயார்க்கில் அலெக்ஸாண்டர் கட்மன், எதெல் கட்மன் என்ற தம்பதிகள் 1938-ல் எடுத்துக் காட்டினர். ஒரு புற்றுநோயின் போக்கை இரத்தச் சோதனையினால் கண்டுகொள்ளும் வழி இவ்வாறு பிறந்தது. இரத்தக் குழாயில் ஊசி குத்தி எடுத்த சில துளிகளுக்கு நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. வைத்தியரைத் திருப்தி செய்ய வேண்டுமென்ற தாட்சண்யமும் இல்லை.

ஹக்கின்ஸும் அவருடைய இளம் சகாவான கிளாரென்ஸ் ஹாட்ஜஸும் 1941-ல் இந்தச் சாட்சியை விசாரித்தனர். புற்று எலும்பில் பரவியிருந்த நோயாளிகள் சிலருக்கு விதைகளை நீக்கினார்கள். அல்லது ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். இரத்தத்தில் அமில பாஸ்படேஸின் அளவு இறங்கியது. சிலருக்கு டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தினார்கள். அளவு சட்டென்று ஏறியது. கூட்டினால் ஏறுகிறது, குறைத்தால் இறங்குகிறது என்று இரு வழியிலும் ருசுவான பின் எதிர்வாதத்துக்கு இடம் ஏது? இந்த இரண்டாவது சோதனையைப் பற்றி நாம் ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியாது. நோயைத் தூண்டக்கூடிய மருந்தை நோயாளிக்கே செலுத்துவது என்பது இன்றைய விதிகளின்படி எளிதில் அனுமதி பெறக்கூடிய காரியமன்று. நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, எழுத்து மூலமாகச் சம்மதம் பெற்று, தனிக் குழு ஒன்று பரிசீலித்த பின்னரே ஆராய்ச்சி தொடங்க வேண்டும் என்ற ஏற்பாடு பிற்காலத்தில் வந்தது. அது வந்ததும் நன்றே. இன்று மிகப் பலர் அனுபவிக்கும் பயனுக்கு, பெயர் தெரியாத அந்த முதல் நோயாளிகளும் காரணஸ்தர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

அதே 1941-ல் வெளியான மற்றொரு கட்டுரையில் விதைநீக்கம் செய்யப்பட்ட 21 நோயாளிகளின் விவரத்தை ஹக்கின்ஸ் கொடுத்தார். அவர்களில் 15 பேருக்கு நீடித்த குணம் தெரிந்தது. வலியினால் படுக்கையை விட்டு எழ முடியாமல் மார்பியாவை நம்பிக் கிடந்தவர்கள் சில தினங்களில் வலி நீங்கி எழுந்து நடமாடினார்கள். பசி திரும்பியது; உடல் எடை கூடியது. முதல் தொகுதி நோயாளிகளில் நால்வர் பன்னிரண்டு வருஷங்களுக்கு மேல் உயிர் வாழ்ந்தனர். லண்டனில் டாட்ஸ் என்பவர் 1938-ல் ரசாயன முறையில் உண்டாக்கிய ஸ்டில்பெஸ்ட்ரால், விலை மலிவான மாத்திரையாதலால், ரணசிகிச்சையை விரும்பாதவர்களுக்கும் வழி கிடைத்தது. வெட்டாமலும் சுடாமலும், வாயால் விழுங்கும் ஒரு பொருளினால் சரீரமெங்கும் பரவிய புற்றைத் தணிக்கலாம் என்பது நிச்சயமாயிற்று. புற்றுநோய் மருந்து என்ற ஒரு துறைக்கே அன்று அஸ்திவாரம் இடப்பட்டது என்று கூறினால் மிகையாகாது.

வெற்றியின் மத்தியில் ஹக்கின்ஸ் மதிமயங்கவில்லை. நோய் தணிந்தது, வேரற்றுப் போகவில்லை. சில மாதங்களோ சில வருஷங்களோ கழிந்தபின் அநேகரிடத்தில் அது மறுபடி தலைதூக்கியது. அதை அவர் ஒளிக்கவில்லை, காரணத்தைத் தேடினார். விதைகளை நீக்கியும் ஆண்மை ஹார்மோன் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்க வேண்டும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளே அந்த இரண்டாவது ஊற்று என்று அவர் அனுமானித்தார். 1945-ல் அந்தச் சுரப்பிகளையும் நீக்கிப் பார்த்தார். ஆனால் அவையின்றி மனிதன் உயிர் வாழ முடியாது. அவற்றின் ஸ்தானத்தை நிரப்பப் போதிய மருந்து அப்பொழுது இல்லை. ஆகவே முயற்சி தோல்வியுற்றது. கார்ட்டிஸோன் என்ற மருந்து கைக்கு எட்டியதும், 1951-ல் மறுபடி தொடங்கினார். இம்முறை நோயாளிகள் உயிர் தரித்தனர். மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்கள் சிலருக்கு நல்ல பலன் கிடைத்தது. புராஸ்டேட் விஷயத்தில் பலன் சொற்பமே.

அவருடைய சிகிச்சையும் விசாரணைக்குத் தப்பவில்லை. அமெரிக்காவில் பழைய யுத்த வீரர்களுக்கான ஆஸ்பத்திரிகள் பல ஒன்றுகூடி, 1960 முதல் புராஸ்டேட் புற்றுநோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தன. 1967-ல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. தினம் 5 மில்லிகிராம் ஸ்டில்பெஸ்ட்ரால் உட்கொண்டவர்களில், புற்றுநோயினால் இறந்தவர்கள் குறைந்தாலும், இருதய நோயினாலும் இரத்தக் குழாய் அடைப்பினாலும் இறந்தவர்கள் அதிகமாயினர். நன்மை செய்யும் மருந்தே அளவு மிஞ்சினால் உயிரைப் போக்கும் என்பது நமது முன்னோர் அறிந்த நீதிதான். ஆனால் எந்த அளவு மிஞ்சியது என்பதை இத்தகைய பரீட்சையே காட்டக்கூடும். அதற்கு முந்திய வருஷத்திலேயே நோபல் பரிசு பெற்றுவிட்ட ஒருவரின் சிகிச்சை என்பதற்காக யாரும் அம்முடிவை மறைக்கவில்லை. சாஸ்திரத்தின் பெருமை இதில்தான் இருக்கிறது. அங்கே எவ்வளவு பெரியவருடைய வாக்கும் மேல் விசாரணைக்கு உட்பட்டதே.

1951-ல் அலபாமா மாகாணத்து மரவியாபாரியான பென் மே என்பவருடைய தர்மத்தினால் சிக்காகோவில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிச் சாலை ஏற்பட்டது. 1969 வரை ஹக்கின்ஸ் அதன் தலைவராக இருந்தார். தலைவர் என்றால் மேஜைக்குப் பின்னால் அமர்ந்து கையெழுத்திடுபவர் அல்லர். தம் கையாலேயே பரிசோதனைகளைச் செய்பவர். கூட்டங்களிலும் கமிட்டிகளிலும் காலம் போக்குவதை வெறுத்தவர். எலிகளுக்கு ஒரு ரசாயனப் பொருளை ஊட்டி விரைவில் மார்பகப் புற்றை உண்டாக்கும் முறையை அங்கே வகுத்தார். அதைக் கொண்டு உலகமெங்கும் மருந்துகள் சோதிக்கப்பட்டன. அவர் அழைத்து வந்த எல்வுட் ஜென்ஸன், ஈஸ்ட்ரோஜன் கண்ணறைக்குள் எதைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்து, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையைத் திருத்தி அமைத்தார். தமக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு ஹக்கின்ஸ் இவ்வாறு முன்கூட்டியே விடை தேடி வைத்தார். ஜென்ஸனே அடுத்த தலைவர்.

1966-ல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே இருபத்தைந்து வருஷங்கள். பரிசைப் பகிர்ந்துகொண்ட பெய்டன் ரவுஸ், கோழியின் புற்றுக்கு வைரஸ் காரணமென்பதை 1911-ல் கண்டவர். அவர் காத்திருந்தது ஐம்பத்தைந்து வருஷங்கள்! உடனே கைதட்டல் கிடைக்காவிட்டால் மனம் சோர்ந்துபோகும் நம் ஊழியர்களுக்கு இவ்விருவரும் நல்ல உதாரணம். ஹக்கின்ஸ் 1972 முதல் 1979 வரை, தாம் படித்த சிறு கலாசாலையாகிய அக்கேடியாவுக்கு வேந்தராகவும் இருந்தார். முதுமையிலும் ஆராய்ச்சிச் சாலைக்குப் போவதை விடவில்லை. 1997-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி சிக்காகோவில், தொண்ணூற்றைந்தாவது வயதில் காலமானார்.

அவர் இட்ட அஸ்திவாரத்தின் மேல் கட்டடம் எழுந்துகொண்டே வருகிறது. மூளையின் அடியிலிருந்து விதைகளுக்கு ஆக்ஞை செல்லும் ஹார்மோனின் அமைப்பு 1971-ல் வெளியாயிற்று. அதன் பயனாக, விதைகளை நீக்காமலே அவற்றின் வேலையை நிறுத்தும் லியூப்ரோலைட் என்ற ஊசிமருந்து 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அமில பாஸ்படேஸ் என்ற பழைய சாட்சியின் ஸ்தானத்தை, அதைவிட நுட்பமான பி.எஸ்.ஏ. என்ற இரத்தச் சோதனை பிடித்துக்கொண்டது. 2011-ல் அனுமதி பெற்ற அபிராட்டிரோன் என்ற மருந்து, அட்ரினல் சுரப்பிகளிலும், புற்றுக்குள்ளேயும் உண்டாகும் ஆண்மை ஹார்மோனைத் தடுத்து ஆயுளை நீட்டியது. இரண்டாவது ஊற்று ஒன்று உண்டு என்று 1945-ல் ஹக்கின்ஸ் அனுமானித்தது சரியே என்று அறுபத்தாறு வருஷங்களுக்குப் பிறகு தீர்ப்பாயிற்று. ஹார்மோனை நிறுத்துவதோடு டோசிடாக்ஸல் என்ற மருந்தையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று 790 நோயாளிகளைக் கொண்டு நடந்த பரீட்சையின் முடிவு 2015-ல் வெளிவந்தது. சராசரி ஆயுள் 44 மாதங்களிலிருந்து சுமார் 58 மாதங்களுக்கு உயர்ந்தது. புதிது புதிதாக மருந்துகள் வந்தும், பரவிய நோய்க்கு ஹார்மோனை நிறுத்துவதே இன்றும் முதற்படி. மற்றவை அதன்மேல் வைக்கப்படும் படிகள்.

இனி, நம் தேசத்துக்கு இதிலுள்ள சம்பந்தத்தைச் சொல்லி முடிப்போம். நமது நாட்டில் இந்நோய் கொண்டவர்களில் அநேகர், அது எலும்பில் பரவிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஹக்கின்ஸ் 1941-ல் கண்ட நோயாளிகளைப் போன்றவர்களே அவர்கள். ஊசிமருந்தை மாதந்தோறுமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஆயுள் முழுதும் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் செலவு ஏழைகளுக்குத் தாங்காது. ஆகையால் ஒரே தடவையில் முடிந்துவிடும் விதைநீக்கமே இங்கே பலருக்குக் கைகொடுக்கிறது. எண்பது வருஷத்துக்கு மேற்பட்ட அந்தச் சிகிச்சை பழமையானதென்று இகழத்தக்கதன்று; ஹார்மோனைக் குறைப்பதில் அது ஊசிக்குச் சளைத்ததுமன்று. ஆனால், இதற்குச் சம்மதிக்கும் மனிதன் தன் ஆண்மையை இழந்துவிட்டதாக மனம் குன்றிப்போகிறான். மனைவியிடமும் பேசத் துணிவதில்லை. உடம்பில் அனல் வீசுவது போன்ற உணர்ச்சி, எலும்புத் தேய்வு, சோர்வு முதலிய தொந்தரவுகளும் உண்டு. இவற்றை முன்கூட்டியே சொல்லி, ஊசியா, ரணசிகிச்சையா என்று தானே தெரிந்தெடுக்கும் சுதந்தரத்தை நோயாளிக்குக் கொடுப்பது வைத்தியரின் கடமை. ஏழைக்கு அந்தச் சுதந்தரம் பெயரளவில் நின்றுவிடாமல், மருந்தின் விலையைத் தாங்கிக் கொள்வது சர்க்காரின் கடமை.

வாசகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மூத்திரம் கழிப்பதில் தடையோ, இரவில் அடிக்கடி எழுந்திருப்பதோ, மூத்திரத்தில் இரத்தமோ, காரணமின்றி நீடிக்கும் முதுகுவலியோ இருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் போக வேண்டும். பெரும்பாலும் அது வயதினால் வரும் சாதாரண வீக்கமாகவே இருக்கும், பயப்படத் தேவையில்லை. பி.எஸ்.ஏ. அளவு ஏறியிருந்தால் மட்டும் புற்றென்று முடிவு செய்வதும் தவறு. வீக்கத்தினாலும் கிருமித் தொற்றினாலும் கூட அது ஏறும். திசுவை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்த பின்னரே நிச்சயம் சொல்லலாம். மிக மெதுவாக வளரும் புற்றுகளும் உண்டு. அவற்றை உடனே வெட்டாமல், தவறாது கண்காணித்து வந்தாலே போதும் என்று வைத்தியர்கள் சொல்வதுண்டு. எதுவாயினும், மூடி வைத்தால் நோய்க்கே லாபம்.

ஹக்கின்ஸ் மனிதர்களின் வெட்கத்தை நீக்க வந்தவர் அல்லர். தமக்குக் கிடைத்த வேலையை அளவுகோலோடு செய்தவர். கணக்கைக் குழப்பிய கிழ நாய்களை ஒதுக்கித் தள்ளாதவர். தம் சிகிச்சை எங்கே தோற்றதோ அங்கேயே மறுபடி தோண்டியவர். அவ்வளவுதான். அதனால் மரணப் படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அத்தகைய மனிதர்கள் நம் சர்வகலாசாலைகளிலும் தோன்ற வேண்டுமானால், அவர்களுக்கு வயிற்றுக் கவலையில்லாத சம்பளமும், உடனே பலனைக் காட்டு என்று நச்சரிக்காத மேலதிகாரிகளும், இருபத்தைந்து வருஷம் காத்திருக்கும் பொறுமையும் தேவை. முதலிரண்டையும் கொடுக்க வேண்டியவர்கள் நாம். மூன்றாவதை அவர்களே கொண்டுவருவார்கள்.